அங்கி முதல் கல்விக் கடன் வரை: பட்டதாரி வீட்டுக் கேள்விகள்

பட்டமளிப்பு விழாப் பருவம் இது. வந்த கடிதங்களில் பாதி புடவை, பாயசம், போட்டோ பற்றியவை. மீதி பெயர்ப் பிழை, லேமினேஷன், கடன் பற்றியவை. தேர்வுப் பிரிவு, வங்கி, சமையல் என்று அந்தந்த வேலையிலேயே இருப்பவர்களிடம் கேட்டு எழுதிய பதில்கள் இவை.

மகளுக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. பட்டுப்புடவை கட்டித்தான் மேடை ஏறவேண்டும் என்று பாட்டி ஒற்றைக் காலில் நிற்கிறார். மேலே அங்கி போட்டால் புடவையே தெரியாது, சுடிதார் போதும் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

முதலில் கல்லூரிச் சுற்றறிக்கையைப் பாருங்கள். பல கல்லூரிகள் உடையையும் குறிப்பிட்டே அனுப்புகின்றன. அதில் ஒன்றும் இல்லையென்றால் பாட்டி பக்கமே நிற்கலாம், ஆனால் கனமான காஞ்சிப் பட்டு வேண்டாம். வாடகை அங்கிகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அரங்கத்தில் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். உள்ளே பட்டு, மேலே பாலியெஸ்டர் என்றால் பெயர் கூப்பிடும்போது பிள்ளை தொப்பலாக நனைந்திருப்பாள். மென்பட்டு அல்லது பட்டும் பருத்தியும் கலந்த புடவை போதும். வெளியே தெரியப்போவது கீழே நான்கு விரல் பார்டரும் கழுத்தருகே கொஞ்சமும்தான்.

கட்டும் விதத்தில் இரண்டு மாற்றம் வேண்டும். முந்தானையை ஒற்றையாகத் தொங்கவிட்டால் அங்கிக்குள் முதுகில் மூட்டை கட்டியதுபோல் புடைக்கும். மடிப்புகளைக் குறுக்கித் தோளில் பின் குத்தி, தொங்கும் நுனியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகிவிடுங்கள். கொசுவத்தைக் கணுக்கால் தெரியும் அளவுக்கு ஒரு விரல் தூக்கியே கட்டுங்கள். மேடைப் படியில் தடுக்குபவர்களில் அதிகம் பேர் புடவை நுனியை மிதித்தவர்கள்தான்.

பலரைப் படுத்துவது கழுத்தில் மாட்டும் வண்ணப் பட்டை, அதாவது ஹூட். அதன் முன்பக்கம், V போல வளையும் இடத்தில், சின்ன நூல் வளையம் ஒன்று இருக்கும். அது சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்காக வைத்தது. ரவிக்கையில் அந்த இடத்தில் பொத்தான் கிடையாது. ஹூட்டின் எடை முழுவதும் முதுகுப்பக்கம் இருப்பதால் பத்து நிமிடத்தில் பின்னால் சரிந்து தொண்டையை அழுத்த ஆரம்பிக்கும். பிள்ளைகள் விழா முழுக்க அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். இரண்டு தோளிலும் அங்கியோடு ஹூட்டைச் சேர்த்து உட்புறமாக ஒவ்வொரு ஊக்கு, முன்பக்க வளையத்தை ரவிக்கையோடு சேர்த்து இன்னொரு ஊக்கு, ஆக மூன்று ஊக்குகளில் வேலை முடிந்தது. இந்த ஊக்குகளைப் பட்டு முந்தானையில் குத்தாதீர்கள், இழுபட்டுக் கிழியும்.

உயரக் கொண்டை போட்டால் தொப்பி உட்காராது. தாழ்ந்த பின்னல் போட்டு, பூவைத் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வையுங்கள். தொப்பியின் பலகை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே. பெரிய ஜிமிக்கி ஹூட் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், தோடு போதும்.

அங்கியை வாங்கும்போதே தையல் பிரிந்திருக்கிறதா, கறை இருக்கிறதா, ஹூட்டின் நிறம் உங்கள் மகளின் பாடப்பிரிவுக்கு உரியதுதானா என்று பார்த்து, குறை இருந்தால் அங்கேயே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தரும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள். தொப்பியைத் தூக்கி எறிந்து போட்டோ எடுப்பதிலும் அதே கதைதான். பலகையின் மூலை உடையும், பக்கத்தில் நிற்பவர் கண்ணிலும் படலாம்.

குடும்பப் படத்தை விழாவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் அங்கி திருப்பித் தரும் வரிசையில்தான் பாதி மதியம் போகும். உச்சி வெயிலில் கறுப்பு அங்கியோடு நின்றால் முகம் இருட்டடித்துவிடும்; வராந்தா நிழலில், வெளிர்ச் சுவர் முன்னால் நில்லுங்கள். அங்கியைக் கழற்றிய பிறகு பாட்டியோடு புடவையில் ஒரு படம் எடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது. (அங்கிகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் கேட்டுக்கொண்டது. எல்லோரும் அதைக் கேட்டிருந்தால் வியர்வைப் பிரச்சினை பாதியாகக் குறைந்திருக்கும்.)

மேடையில் கொடுத்த ஃபைலைத் திறந்தால் உள்ளே வாழ்த்து அட்டை மட்டும்தான் இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
- தகப்பனார், அரக்கோணம்

ஏமாற்று இல்லை, பல இடங்களில் இதுதான் நடைமுறை. நூற்றுக்கணக்கானவர்கள் மேடை ஏறும்போது ஒருவர் வராவிட்டால் வரிசை கலைந்து, ஒருவர் சான்றிதழ் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அதனால் மேடையில் ஃபைல், பிறகு கவுன்ட்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அசல். கையெழுத்துப் போடுமுன் அங்கேயே நின்று பதிவு எண், பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், வகுப்பு, போட்டோ ஐந்தையும் சரிபாருங்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு அலைச்சல் இரட்டிப்பு.

இணைப்புக் கல்லூரி மாணவர் என்றால், பல்கலைக்கழக விழா மேடையில் நேரில் பட்டம் வாங்குபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டக்காரர்களும் பதக்கம் வென்றவர்களும்தான். மற்றவர்களுக்குக் கல்லூரி வழியாக வரும். அதுவரை புரொவிஷனல் சான்றிதழும் கன்சாலிடேட்டட் மதிப்பெண் பட்டியலும் மேற்படிப்புக்கும் வேலைக்கும் செல்லும். மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்பது மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதி. ஓராண்டு தாண்டியும் வரவில்லையென்றால், இந்த விதியைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் “வந்துகொண்டிருக்கிறது” என்ற பதில்தான் வரும்.

மகனின் பட்டச் சான்றிதழில் தமிழில் ‘மனிகண்டன்’ என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது. தவிர, சான்றிதழ்களில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வருகிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?
- வாசகர், திண்டுக்கல்

இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். முதலாவது பிழை, திருத்தியே ஆகவேண்டும். இரண்டாவது பிழையே இல்லை.

தேர்வு விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிரப்பப்படுகின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் ண, ன இரண்டும் ஒன்று. ல, ள, ழ மூன்றும் ஏறக்குறைய ஒன்று. அங்கிருந்து தமிழுக்கு மாற்றும்போது யாரோ ஊகித்து அடிக்கிறார்கள், மணி மனியாகிறது, வள்ளி வல்லியாகிறது. பட்டமளிப்பு விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தால் அதைப் பிள்ளையே தன் கையால் நிரப்ப வேண்டும். கணினி மையத்தில் விட்டுவிட்டு வரக்கூடாது.

இப்போது செய்யவேண்டியது: அசல் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பட்டமளிப்பு விண்ணப்பத்தின் நகல், முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இவற்றோடு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் சரியாக எழுதியிருந்தால் பிழை அவர்களுடையது. அதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள், கட்டணம் பற்றிய பேச்சு அதைப் பொறுத்தது. எக்காரணம் கொண்டும் பேனாவால் ஒரு சுழி போட்டுத் திருத்தாதீர்கள். அதோடு அந்தத் தாள் செல்லாததாகிவிடும், மோசடி என்ற சந்தேகமும் வரும்.

இனிஷியல் விஷயம் வேறு. குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தை, குடும்பப் பெயர் கேட்கும் படிவத்துக்குள் அடைப்பதால் வரும் தொல்லை அது. பல்கலைக்கழகம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் பெயர் போடும், அதை மாற்ற முயல்வது வீண். ‘இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று நோட்டரி முன் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும். அதையும் ஏற்காத இடம் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அரசிதழ் வந்தாலும் பழைய சான்றிதழ்களைப் புதிய பெயரில் அச்சடித்துத் தரமாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே ஆயுள் முழுக்கக் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களா? பொதுத்தேர்வுக்கான நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியல், தயாராகும்போது பள்ளியில் போய் உட்கார்ந்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்துவிடுங்கள். அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் தாள்களும் எழுதப்படும்.

சான்றிதழை லேமினேஷன் செய்து ஹாலில் மாட்டலாமா?
- குடும்பத்தலைவி, நாமக்கல்

மாட்டுங்கள், அசலை அல்ல. நல்ல கலர் நகல் எடுத்துச் சட்டம் போடுங்கள், தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அசலை லேமினேஷன் செய்தால் மூன்று விதத்தில் கெடும். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது முத்திரையும் ஒட்டுவில்லையும் சான்றிதழின் பின்புறத்தில்தான் விழும், பிளாஸ்டிக் மேல் அது நிற்காது. சூட்டில் ஹோலோகிராம் சுருங்கும். லேசர் அச்சின் மை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்வதால் பிறகு உரித்தெடுக்க முயன்றால் எழுத்தும் கூடவே வரும். கடையில் கிடைக்கும் பளபளப்பான பி.வி.சி. உறையிலும் நாளடைவில் இதே ஒட்டல் நடக்கும். பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும், வாடை அடிக்காது. பட்டச் சான்றிதழ் ஏ4 தாளைவிடப் பெரியதாக இருந்தால் மடிக்காமல் ஏ3 ஃபைல் வாங்குங்கள். மடித்த கோட்டில்தான் முதலில் கிழியும்.

வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறுவதும் கரையான் வருவதும் அங்கேதான். நடுத்தட்டு நல்லது. அந்துருண்டையை உறைக்குள் போடாதீர்கள்.

டிஜிலாக்கரில் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கல்வி நிறுவனமே வெளியிட்டிருக்கும் சான்றிதழுக்கு அசலுக்கு இணையான சட்ட மதிப்பு உண்டு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய நகலுக்கு அது கிடையாது.

தமிழர்களில் முதன்முதலில் பட்டம் வாங்கியவர் யார்? பெண்களில் முன்னோடி யார்? விழாவில் பேச வேண்டியிருக்கிறது.
- கல்லூரி மாணவி, காரைக்குடி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832ல் பிறந்த தாமோதரம் பிள்ளை, பிற்பாடு ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்துக் கலித்தொகையை 1887ல் அச்சில் கொண்டுவந்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்.

அதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து, பிறகு 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை பக்கம்தானே, இந்த இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

தம்பிக்குப் பட்டம் கிடைத்ததற்கு வீட்டில் 50 பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். நாங்களே சமைக்கிறோம். அளவு சொல்லுங்கள். போன முறை செமியா பாயசம் பரிமாறுவதற்குள் களியாகிவிட்டது.
- அக்கா, மன்னார்குடி

விழா நாளன்றே மதியச் சாப்பாடு என்று மட்டும் வைக்காதீர்கள். 12 மணிக்கு முடியும் என்ற விழா 2 மணிக்கு முடியும், வீடு வந்து சேர 3 ஆகும், அழைத்தவர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி விருந்து, அல்லது அடுத்து வரும் ஞாயிறு மதியம்.

பெரியவர், சிறுவர் கலந்து 50 பேர் என்றால் பொன்னி அரிசி ஆறரைக் கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ, வறுவலுக்கு உருளைக்கிழங்கு 5 கிலோ, பொரியலுக்கு பீன்ஸோ கோஸோ 4 கிலோ, தயிர் 5 லிட்டர், அப்பளம் 75. ரசத்துக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம், ஒரு பெரிய பாத்திரம் நிறைய வைத்தால் சரியாக வரும்.

பாயசத்துக்குப் பால் 5 லிட்டர், செமியா 600 கிராம், சர்க்கரை 900 கிராம், ஜவ்வரிசி 100 கிராம், நெய் 150, முந்திரி 150, திராட்சை 50 கிராம். பாலில் 4 லிட்டர் மட்டும் பாயசத்துக்கு. ஒரு லிட்டரைக் காய்ச்சித் தனியே மூடி வைத்துவிடுங்கள், அதுதான் களியாவதற்கு மருந்து. செமியா அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இறக்கும்போது “என்ன, தண்ணியா இருக்கே” என்று தோன்றும் பதம்தான் சரியான பதம். பரிமாறப் பத்து நிமிடம் முன்னால் அந்த ஒரு லிட்டர் சூடான பாலைக் கலந்து தளர்த்துங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி போய்விடும்.

வரிசையும் முக்கியம். செமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அரைமணி ஊறிய ஜவ்வரிசியைத் தண்ணீரில் கண்ணாடிபோல் வேகவைத்து, கொதிக்கும் பாலும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்ததில் செமியாவைப் போடுங்கள். விரலால் நசுக்கிப் பார்த்து வெந்தபிறகுதான் சர்க்கரை. முன்பே போட்டால் செமியா அதற்கு மேல் வேகாமல் விறைத்து நிற்கும். சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போட ஆசைப்பட்டுக் கொதிக்கும் பாலில் கொட்டாதீர்கள், திரிந்துவிடும். வெல்லம் என்றால் தேங்காய்ப்பால் பாயசம் வைத்துவிடுங்கள்.

மூத்த மகள் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையில் பொறியியல் முடித்துவிட்டாள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் மகனுக்கும் அந்தச் சலுகை கிடைக்குமா?
- தகப்பனார், அரியலூர்

கிடைக்காது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாருமே பட்டதாரி இல்லாத குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தக் கல்விக் கட்டணச் சலுகை. உங்கள் மகள் அதைப் பயன்படுத்திவிட்டாள். உடன்பிறந்தவர் டிப்ளமோ மட்டும் முடித்திருந்தால் தடையில்லை, டிப்ளமோ பட்டமாகாது. இதே நிலையில் இல்லாத மற்ற வாசகர்களுக்கு: இதற்கான முதல் பட்டதாரிச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை தருவது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இல்லை. கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் இ-சேவையில் கூட்டம் நெரியும், தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

உங்கள் மகன் 6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் இருக்கும் புதுமைப் பெண் திட்டத்தைப் போன்றதே. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால் அவன் பெயரில் கணக்கும், அதோடு ஆதார் இணைப்பும் இப்போதே தயாராக இருக்கட்டும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் இன்னொன்று. அரசு வேலையில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளிலேயே இதையும் தலைமையாசிரியரிடமும், கல்லூரி என்றால் முதல்வரிடமும் வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் போனால் பழைய பதிவேட்டைத் தேடும் வேலை உங்கள் தலையில் விழும்.

அம்மா 52 வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்துவிட்டார். “தபால் டிகிரியெல்லாம் ஒரு டிகிரியா” என்கிறார் மாமா. எம்.ஏ. சேர அம்மா தயங்குகிறார்.
- மகள், உடுமலைப்பேட்டை

மாமாவிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பில் வாங்கிய பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022ல் மறுபடியும் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதில் ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதில்தான் கவனம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது என்றால் போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், சேரும் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

அம்மா பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வந்திருந்தால் தமிழக அரசுப் பணிக்கும் இந்தப் பட்டம் தகுதிதான். பிளஸ் டூ எழுதாமல் நேரடியாகப் பட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் அங்கே சிக்கல். 52 வயதில் அரசு வேலை பற்றிய கவலை இல்லையென்றால் எம்.ஏ.வுக்கே பணம் கட்டிவிடுங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவை அவசியம் அழைத்துப் போங்கள். தொலைநிலை மாணவர்கள் பலர் “தபாலில் வரட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். நேரில் வாங்க முன்பதிவும் கட்டணமும் தனியாக இருக்கும். கடைசித் தேதி முடிந்துவிட்டால் தபால்தான். தபாலில் வருவதானால் முகவரி மாறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், திரும்பிப்போன சான்றிதழை மீட்பது பெரும்பாடு.

மகனுக்குத் துபாயில் வேலை. சான்றிதழை ‘அட்டெஸ்டேஷன்’ செய்யச் சொல்கிறார்கள். ஏஜென்ட் அப்போஸ்டில் போதும் என்கிறார்.
- வாசகர், ராமநாதபுரம்

போதாது. அப்போஸ்டில் என்பது ஒப்பந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் ஒற்றைச் சான்றொப்பம். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. ஆகவே வரிசை இப்படிப் போகும்: பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போகமுடியாது. பல்கலைக்கழகச் சரிபார்ப்பில்தான் அதிக நாள் பிடிக்கும், வேலை உறுதியானதும் முதலில் அதற்குக் கொடுங்கள்.

ஏஜென்டிடம் அசலைக் கொடுக்கும்போது சான்றிதழ் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். பட்டச் சான்றிதழை மட்டும் கொடுங்கள், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் மொத்தக் கட்டாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். மேற்படிப்புக்குக் கனடா, அமெரிக்கா என்று எண்ணமிருந்தால் முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் விவரம்) இரண்டு, மூன்று செட் ஒரே விண்ணப்பத்தில் வாங்கி வையுங்கள். உறையை நீங்கள் பிரித்துப் பார்த்தால் அது செல்லாது.

பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும் என்கிறது வங்கி. முதல் சம்பளத்தில் நகை வாங்கலாம் என்று நினைக்கிறோம்.
- தகப்பனார், ஒசூர்

நகைக்கு முன்னால் ஒரு கணக்கு. தவணை தொடங்கவில்லையே தவிர, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முதல் லட்சம் நான்கு வருடம், இரண்டாவது மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. படிப்பு முடியும் அன்று தனிவட்டியாக 1 லட்சம் ஏறியிருக்கும். விலக்குக் காலமான அடுத்த ஒரு வருடத்தில் இன்னும் 40,000. அந்த வருட முடிவில் இதெல்லாம் அசலோடு சேர்ந்து கடன் 5.4 லட்சமாகும். அதன்பிறகு வட்டிக்கும் வட்டி.

பத்து வருடத் தவணை என்று வைத்தால் 5.4 லட்சத்துக்கு மாதம் சுமார் 7,136 ரூபாய். விலக்கு வருடத்தில் மாதாமாதம் 3,333 ரூபாய் வட்டியை மட்டும் கட்டிவந்தால் கடன் 5 லட்சத்தில் நிற்கும், தவணை 6,608. ஏற்கெனவே ஏறிய 1 லட்சத்தையும் அந்த வருடத்துக்குள் அடைத்தால் தவணை 5,286தான். முதலுக்கும் கடைசிக்கும் மாதம் 1,850 வித்தியாசம், பத்து வருடத்தில் 2.22 லட்சம். கட்டும்போது “வட்டிக் கணக்கில் வரவு வையுங்கள்” என்று எழுதிக்கொடுத்து, அடுத்த மாதப் பட்டியலில் அது அப்படியே நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு வங்கி விண்ணப்பித்ததா என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழ் கொடுக்காததால் அதை இழந்தவர்கள் ஏராளம். கட்டும் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால்தான்; அதுவும் அதிகபட்சம் 8 ஆண்டுகள், அசலுக்குக் கிடையாது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கைக் காட்டும் எண்) இதே கடனோடு சேர்ந்து ஏறும், இறங்கும்.

நகை ஆறு மாதம் தள்ளிப்போகட்டும். அவளுக்கு வேலைக்குப் போக ஒரு நல்ல செருப்பும் பையும் வாங்கிக் கொடுங்கள்.

மகன் சான்றிதழை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். தெருவில் பிளக்ஸும் வைக்கப்போகிறோம். வைக்கலாமா?
- வாசகி, விருத்தாசலம்

மகனின் படத்தை வையுங்கள், சான்றிதழின் படத்தை எடுத்துவிடுங்கள். பதிவு எண், சான்றிதழ் எண், கியூஆர் குறியீடு மூன்றும் தெளிவாகத் தெரியும் படம் போலிச் சான்றிதழ் அடிப்பவர்களுக்கு அச்சு மாதிரி. காட்டியே தீரவேண்டும் என்றால் அந்த இடங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். சாலையோரப் பேனருக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். 2019ல் சென்னையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டு வாசலுக்குள், காம்பவுண்டுச் சுவரில் கட்டுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் பாடப்பிரிவின் பெயரையும் மகனின் பெயரையும் அவனையே ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.